பச்சை மோட்டரும் நூற்று நான்கு முட்டைகளும்

ஜூலை 24, வியாழன்

பெட்டி வந்துவிட்டது. கட்டாரிலிருந்து இரண்டு மாதம் கடலில் ஊர்ந்து, ஏறாவூருக்குள் வந்த பிறகும் எங்கள் ஒழுங்கையைக் கண்டுபிடிக்க முடியாமல் மூன்று நாள் சுற்றிய பெட்டி. உள்ளே பால்மா, சவர்க்காரம், உம்மாவுக்கு முழங்கால் தைலம் ஆறு போத்தல். உம்மாவுக்கு முழங்கால் இரண்டுதான். எனக்கு ஒரு அபாயா. அந்த அபாயாவுக்குள் பச்சைப்பிள்ளையைப் போலச் சுற்றி ஒரு மோட்டர்.

மோட்டர் நிஜமாகவே பச்சை. எங்கள் வீட்டு கேட்டுக்கு அடித்த அதே பச்சை. "ஒனக்குப் பிடிச்ச கலர்தானே, அதான் அடிச்சன்" என்று என் கணவர் நௌஷாட்டின் குரல் வட்ஸப்பில் வந்தது. அடித்த பெயின்டில் மிச்சம் மீதி வைக்கவில்லை. வயர் வெளியே வரும் ஓட்டையையும் சுழலும் தண்டையும் தவிர எல்லா இடமும் பச்சை.

இது ஸ்டெப்பர் மோட்டராம். மின்விசிறி மோட்டரைப் போலக் கண்டபடி சுற்றாது. இத்தனை அடி என்று சொன்னால் அத்தனை அடி மட்டும் திரும்பி நிற்கும். இவர் வேலை செய்யும் கம்பனியில் கழித்துவிட்ட பெரிய பிரிண்டரிலிருந்து கழற்றியது. என் பழைய குளிர்சாதனப் பெட்டிக்குள் பல்ப் போட்டு நான் செய்த குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கு இதுதான் குறை. முட்டைத் தட்டை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சரித்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். போன தடவை கையால் சரித்தேன். இரண்டு வாரம் சரியாகச் செய்தேன், மூன்றாம் வாரம் கண் அயர்ந்துவிட்டது. நூறு முட்டையில் முப்பத்தொன்று பொரித்தது.

அப்போதுதான் இவர் அந்தப் பேச்சைப் பேசினார். "இந்த முற எழுபது குஞ்சு எடுத்துக் காட்டு. நான் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடல்ல. ஊருக்கு வந்து ஒனக்கு முட்ட சுமக்கிறன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அந்தக் குரலை அழிக்காமல் வைத்திருக்கிறேன். கையெழுத்து ஓகஸ்ட் 31. போட்டால் இன்னும் இரண்டு வருடம். கல்யாணம் முடித்து ஏழு வருடத்தில் இவர் வீட்டில் இருந்தது மொத்தம் பதினொரு மாதம்.

உம்மா தன் மூக்குக்கண்ணாடியை மிதித்து உடைத்து ஒரு வருடமாகிறது. மாற்றித் தருகிறேன் என்றால் "எனக்கு என்னத்தப் படிக்க" என்பார். அதனால் நான் எழுதும் இந்தக் கொப்பி மேசைமேல் திறந்தே கிடக்கிறது. இந்த வீட்டில் இதை வாசிக்க ஆள் இல்லை.

ஜூலை 26, சனி

மோட்டரோடு ஒரு குட்டிக் கன்ட்ரோலரும் வந்திருந்தது. எப்போது, எத்தனை அடி என்று கணக்குச் சொல்வது அது. ஆனால் அது மூளை மட்டும்தான், அதற்குக் கைப்பலம் கிடையாது. மூளைக்கும் மோட்டருக்கும் நடுவில் ட்ரைவர் போர்ட் என்று ஒன்று நிற்க வேண்டும். அதுதான் மோட்டருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும். இவர் அதை அனுப்பவில்லை. "அது ஊர்ல எடுக்கலாம், சின்னச் சாமான்" என்றார்.

பஸாரில் ஃபோன் திருத்தும் றிப்ஷானிடம் போனேன். எந்தச் சாமானைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லாத கடைக்காரன். அவனிடம் இருப்பதுதான் நாம் கேட்டது என்று ஆகிவிடும்.

"எத்தின அம்பியர் மோட்டர் ராத்தா?"

"பச்சை மோட்டர்."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். பிறகு மேசை லாச்சியைத் திறந்து, நான்கு சிவப்பு லைட் உள்ள ஒரு போர்டை எடுத்துத் தந்தான். "மோட்டர் எண்டா எல்லாம் மோட்டர்தான். இது சரிவரும்."

ஜூலை 27, ஞாயிறு

நான்கு லைட்டும் மிக அழகாக மாறி மாறி எரிகின்றன. மோட்டர் அசையவில்லை.

ஜூலை 30, புதன்

றிப்ஷானிடம் திரும்பப் போய்ச் சண்டை பிடித்தேன். அது விளையாட்டுச் சாமானில் வரும் குட்டி மோட்டருக்கான போர்டாம். இப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்ததாம். உடனே இன்னொன்று தந்தான். பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, முதுகில் ஒரு அலுமினியத் துண்டு ஒட்டியிருந்தது. "இது ரெண்டு அம்பியர் தாங்கும் ராத்தா. இதுக்கு மேல ஏறாவூர்ல ஒண்டுமில்ல."

நான்கு வயர். எந்த வயரை எதில் கொடுப்பது என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பிஸ்மி சொல்லிக் கொடுத்தேன். மோட்டர் இந்தப் பக்கம் ஒரு துள்ளல், அந்தப் பக்கம் ஒரு துள்ளல். வயரை மாற்றினேன். வேறு மாதிரித் துள்ளியது. மூன்றாம் முறை மாற்றியதும், ஆஹா, திரும்பியது! தட்டு மெல்லச் சரிந்து போய் நின்றது. கூடவே "ங்ங்ங்" என்று ஒரு சத்தம்.

உம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார். "என்ன புள்ள, பூனைய மிதிச்சிட்டியா?"

"மோட்டர் கிறுகுதும்மா!"

"கிறுகுதா அழுதா?"

சந்தோஷத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு ஸாதியா ராத்தாவுக்குச் சொன்னேன். வந்தாறுமூலையிலிருந்து தயிர் கொண்டுவரும் புஸ்பம் அக்காவுக்கும் சொன்னேன். சொன்ன வாய்க்கு இப்போது அடிக்க வேண்டும்போல இருக்கிறது. திரும்பியது மொத்தம் இரண்டே தடவைதானே, அதற்குள் என்ன அவசரம்?

ஓகஸ்ட் 1, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடியும் முன்பே முட்டைகள் வந்துவிட்டன. ஸாதியா ராத்தா முப்பது. புஸ்பம் அக்கா பதினான்கு. ஒழுங்கையில் மற்றவர்கள் இருபது. என் கோழிகளுடையது நாற்பது. நூற்று நான்கு.

ஸாதியா ராத்தா யாரையும் நம்பாத மனிசி. முப்பது முட்டையிலும் மார்க்கரால் தன் பெயரை எழுதிக்கொண்டு வந்திருந்தார். "மறுகா மாறிப் போயிரும். ஓண்ட முட்ட ஏண்ட முட்ட எண்டு நாம ஏன் மனஸ்தாபப்பட?" அதைப் பார்த்து மற்றவர்களும் கேட்டு வாங்கி எழுதினார்கள். புஸ்பம் அக்கா எழுத மாட்டார், ஒரு பூப் போட்டார். இப்போது தட்டில் முட்டைகள் வாக்காளர் பட்டியலைப் போல வரிசையாக இருக்கின்றன. ஒருத்திக்கும் தோன்றாதது எனக்கும் தோன்றவில்லை. அது எது என்று பிறகு எழுதுகிறேன். (இந்த வரியைப் பிறகுதான் சேர்த்தேன்.)

முட்டையை ஏழு நாளைக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. ஓகஸ்ட் 8க்குள் பெட்டிக்குள் போக வேண்டும். 8 இல் வைத்தால் 29 இல் குஞ்சு. 31 இல் கையெழுத்து. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, மோட்டரும் சரியாக இருந்தால்.

ஓகஸ்ட் 2, சனி

வெறும் தட்டில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். இரண்டு நிமிடம் ஒழுங்காகத் திரும்பும். பிறகு பாதிச் சரிவில் அப்படியே நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்தால் திரும்பவும் நான்கு அடி போகும். நிற்கும். போர்டைத் தொட்டுப் பார்த்தேன், விரல் சுட்டுவிட்டது. உம்மாவின் தைலம் போட்டிருக்கிறேன். ஆறு போத்தலுக்கும் வேலை வந்துவிட்டது.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

இவரிடமிருந்து பதினொரு குரல் செய்தி. ஒவ்வொன்றும் பெரிய எஞ்சினியர் பேசுவதுபோல. போர்டில் குட்டித் திருகாணி இருக்கிறது, அதைக் கொஞ்சம் முறுக்கு, பலம் கூடும். முறுக்கினேன். மோட்டர் பலமாகக் கத்தியது, போர்ட் இன்னும் கெதியாகச் சுட்டு நின்றது. இன்னும் கொஞ்சம் முறுக்கு. முறுக்கினேன். கடைசிச் செய்தி: "வயர் லூசாக்கும். மோட்டர்ர வயரக் கழட்டி மறுகா மாட்டிப் பாரு."

கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றினேன். அதை நிற்பாட்டச் சொல்லி ஒருத்தரும் சொல்லவில்லையே.

'டிக்' என்று ஒரு சத்தம். நெத்தலி கருகினாற்போல ஒரு வாடை. அவ்வளவுதான் போர்ட்டின் ஆயுசு.

றிப்ஷானுக்கு ஃபோன் எடுத்தேன். "மோட்டர் பிழை ராத்தா" என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை என்ன பேசினேன் என்று இங்கே எழுத மாட்டேன். உம்மாவே வந்து என் கையிலிருந்த ஃபோனை வாங்கிக்கொண்டார்.

ஓகஸ்ட் 4, திங்கள்

இன்று காலை தயிர் கொண்டுவந்த புஸ்பம் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ட மகள் கம்பஸ்லதானே இந்த வயர் வேலதான் செய்யிறாள். போய்க் கேளுங்கவன்" என்றார். மகள் கம்சாயினி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வுகூட உத்தியோகத்தர். பச்சை மோட்டரை மார்க்கட் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மடியில் மோட்டர் கனத்தது. பக்கத்தில் இருந்த மனிசன் "பலாக்காயா?" என்று கேட்டார். ஓம் என்றுவிட்டேன்.

கம்சாயினி சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து மர நிழலில் பார்த்தாள். கருவி ஒன்றும் எடுக்கவில்லை. இரண்டு வயரின் நுனிகளை ஒன்றாகத் தொடவைத்து, "இப்பத் தண்டக் கிறுக்கிப் பாருங்கக்கா" என்றாள். லேசாகச் சுற்றியது. வேறு இரண்டைத் தொடவைத்தாள். தண்டு இறுகிப் போய்விட்டது, விரலால் திருப்பவே கஷ்டமாக இருந்தது.

"இந்த ரெண்டும் ஒரு சோடி. மிச்சம் ரெண்டும் மற்றச் சோடி. இவ்வளவுதான்."

நான் மூன்று மணித்தியாலம் பிஸ்மி சொல்லி மாற்றியதை இந்தப் பிள்ளை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

"சரி, இது எத்தின அம்பியர்? லேபல் எங்கக்கா?"

"லேபலா?"

"ஓம், மோட்டர்ல ஒட்டியிருக்குமே. ஒரு சுருளுக்கு எவ்வளவு எண்டு. அதப் பார்த்துத்தானே போர்ட் எடுக்கோணும்."

இருவரும் மோட்டரைப் பார்த்தோம். நான்கு பக்கமும் பச்சை. பெயின்டுக்கு அடியில் ஒரு சதுரம் மெல்லப் புடைத்துத் தெரிந்தது.

"யார் அக்கா இதுக்குப் பெயின்ட் அடிச்ச?"

"என்ட புருசன்."

"ஏன்?"

எனக்குப் பிடித்த நிறம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கம்சாயினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தோம். தின்னர் கொஞ்சமும் பஞ்சும் கொண்டுவந்து மெல்ல மெல்லத் துடைத்தாள். எழுத்து வெளியே வந்தது. ஒரு சுருளுக்கு 2.8 அம்பியர்.

"அந்தச் சின்னப் போர்ட் காத்துப்படாம ஒண்டுதான் தாங்கும். ஃபேன் பூட்டினாலும் ரெண்டு. மோட்டர் கேக்கிறதவிடக் கொஞ்சம் கூடக் குடுக்கக்கூடிய போர்ட்டா எடுங்கக்கா. நாலு அம்பியர். எடுத்து, அதுல இருக்கிற குட்டிச் சுவிச்சால 2.8க்குக் குறைச்சு வையுங்க. கரண்ட் இருக்கக்குள்ள மட்டும் வயரக் கழட்டிராதீங்க."

"அது தெரியும்" என்றேன். தெரிந்த விதத்தைச் சொல்லவில்லை.

யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். யானைக்குப் பச்சை அடித்ததும் இல்லாமல்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். முதலில் "லேபல் எல்லாம் முக்கியமில்ல" என்றார். நான் விடவில்லை. அந்தப் பதினொரு செய்தியில் ஒன்றாவது சரியா என்று கேட்டேன். பிறகு உண்மை மெதுவாக வந்தது. இவர் ஏசி பூட்டுகிறவர், ஸ்டெப்பர் மோட்டரை வாழ்க்கையில் கண்டதில்லை. கன்ட்ரோலரைச் செய்து கொடுத்தது அறையில் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் நேபாளத்துக்காரராம். நான் கேட்கும் கேள்வியை இவர் அவரிடம் கேட்டு, அவர் ஹிந்தியில் சொன்னதை இவர் தமிழில் எஞ்சினியர் குரலில் எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் கரண்டை நிற்பாட்டிவிட்டுத்தான் வயரைக் கழற்றச் சொன்னாராம். இவர் அந்த வரியை விட்டுவிட்டார்.

"தெரியா எண்டு சொல்லியிருக்கலாமே."

"தூரத்துல இருந்துக்கிட்டு ஒனக்கு ஒண்ணுமே செய்யேலாம இருக்கன். இதாவது தெரிஞ்ச ஆளா இருப்பம் எண்டு பாத்தன்."

கோபமாக ஃபோனை வைக்க நினைத்திருந்தேன். வைக்கவில்லை.

ஓகஸ்ட் 6, புதன்

நான்கு அம்பியர் போர்டுக்கு றிப்ஷான் கொழும்புக்குச் சொல்லியிருக்கிறான். பஸ்ஸில் போட்டு அனுப்புவார்களாம். "ராத்தா, இந்த முற லேபல் பாத்துத்தான் சொல்லியிருக்கன்" என்றான், பெரிய உபகாரம் செய்தவன்போல.

ஓகஸ்ட் 7, வியாழன்

பஸ்ஸில் வரவில்லை.

ஓகஸ்ட் 8, வெள்ளி

காலை பஸ்ஸில் வந்தது! உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி, பக்கத்தில் ஆறு குட்டிச் சுவிச். அதன் முதுகில் அச்சடித்திருந்த அட்டவணையைப் பார்த்து 2.8க்கு வைத்தேன். சோடி பார்த்து வயர் கொடுத்தேன். கரண்டைப் போட்டேன்.

ஒரு சத்தமும் இல்லை. தட்டு மட்டும் பாம்பு நகர்வதுபோல நழுவிச் சரிந்து நின்றது. தொட்டுப் பார்த்தேன், லேசான சூடு. அல்ஹம்துலில்லாஹ். அஸர் தொழுகைக்கு முன் நூற்று நான்கு முட்டையும் உள்ளே.

உம்மா காதைப் பெட்டியில் வைத்துக் கேட்டார். "என்ன புள்ள, சத்தத்தக் காணல்ல? செத்துப் போச்சா?"

"இல்லம்மா. இப்பதான் சரியா வேல செய்யிது."

உம்மா நம்பவில்லை. சத்தம் போடாமல் வேலை செய்யும் ஆளை உம்மா இந்த வீட்டில் கண்டதில்லை.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

இரண்டு முட்டை போய்விட்டன.

மூன்று நாளாகவே தட்டு ஒரு பக்கம் கூடுதலாகச் சரிவதுபோல ஒரு சந்தேகம். இன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு கதவைத் திறக்கிறேன், தட்டு சறுக்குமரம்போல நிற்கிறது. என் கண் முன்னாலேயே இரண்டு முட்டை கீழே. ஒன்று ஸாதியா ராத்தாவுடையது. முப்பதிலும் பெயர் எழுதிய மனிசி, ஒன்றுகூட மறக்க மாட்டார்.

போர்ட் சூடில்லை. வயர் சரி. கம்சாயினிக்கு வீடியோ எடுத்துக் காட்டினேன். அவள் கேட்டது ஒரே கேள்வி. "தட்ட யாரும் கையால தள்ளினதா அக்கா?"

உம்மா குசினிப் பக்கம் மெல்ல நகர்ந்தார்.

கதை இதுதான். மோட்டர் சத்தம் போடாதபடியால் அது வேலை செய்யவில்லை என்று உம்மா முடிவு கட்டியிருக்கிறார். மகள் மனம் நோகக் கூடாதென்று என்னிடம் சொல்லாமல், ஒவ்வொரு தொழுகைக்கும் பிறகு தன் கையாலேயே தட்டைச் சரித்துவிட்டிருக்கிறார். நாளைக்கு ஐந்து தடவை, நான்கு நாள். இந்த மோட்டருக்குக் கண் இல்லை. தான் எங்கே நிற்கிறது என்று அது பார்ப்பதில்லை, எத்தனை அடி வைத்தோம் என்று எண்ண மட்டும் தெரியும். ஒருவர் நடுவில் தள்ளிவிட்டால், தள்ளிய இடத்திலிருந்து தன் கணக்கைத் தொடரும்.

கத்திவிட்டேன். உம்மாவைப் பார்த்துக் கத்திவிட்டேன். என்ன வேல பாத்து வெச்சிரிக்கிங்க, ஒங்களுக்கு யாரு சொன்ன, அது இது என்று. உம்மா முந்தானையால் முட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் என்ன மனுசி? எனக்கு எழுபது வேணும். அதுக்காக உம்மாவ அழவெச்சன்.

ஓகஸ்ட் 13, புதன்

உம்மாவுக்கு ஒரு கொப்பி கொடுத்தேன். "நீங்க தட்டத் தொடப்படா. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அது கிறுகுதா எண்டு பாத்து, கிறுகினா ஒரு சரி போடுங்க. இரவைக்குப் போட வேணாம்." கண்ணாடி இல்லாததால் ஒரு பக்கத்துக்கு ஒரு பெரிய சரி அடையாளம் போடுகிறார். கொப்பி மூன்று நான்கு நாளில் முடிந்துவிடும். ஆனாலும் முகம் தெளிந்துவிட்டது. "கோழி மிதிச்சுக் குஞ்சு முடமாகுமா எண்டு சொல்லுவாங்க. இஞ்ச குஞ்சல்லவா கோழிய மிதிக்கிது" என்றார். சிரித்தபடிதான் சொன்னார்.

ஓகஸ்ட் 15, வெள்ளி

ஏழாம் நாள். டோர்ச் அடித்துப் பார்த்தேன். பதினான்கு கூமுட்டை. மிச்சம் எண்பத்தெட்டு. ஓட்டுக்குள் சிவப்பு நரம்பு சிலந்திவலைபோல ஓடுகிறது, நடுவில் ஒரு புள்ளி துடிக்கிறது. உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தெரியாவிட்டாலும் தெரிகிறது என்றார்.

இவரோடு பேரம் பேசினேன். "நூறுக்கு எழுபதா, எழுபது குஞ்சா?"

"எழுபது எண்டா எழுபதுதான். நான் பேச்சு மாற மாட்டன்."

ஓகஸ்ட் 20, புதன்

இவர் இன்று மேற்பார்வையாளரைப் பற்றிப் பேசினார். சம்பளம் கூட்டித் தருகிறார்களாம், புதிய கட்டடத்தில் ஓவர்டைமும் இருக்கிறதாம், கையெழுத்துத் தாளை மேசையில் வைத்திருக்கிறார்களாம். "நீ என்ன சொல்றா?" என்று கேட்டார்.

நான் முட்டையைப் பற்றிச் சொன்னேன். ஈரப்பதம் அறுபத்தைந்து என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? கேட்டாரே, வாய் திறந்து கேட்டாரே. வாங்க எண்டு ஒரு சொல்லு சொல்ல எனக்கு ஏலாமப் போச்சே. நாளைக்கு ஊர்ல வேல இல்லாம நிண்டா, நான் கூப்புட்டுத்தான் வந்த எண்டு ஆகிரும் எண்டு பயம். அதுனாலதான் முட்டைட தலைல பாரத்த வெச்சன். எழுபது குஞ்சு வந்தா குஞ்சுதான் கூப்புட்டது, நானில்ல. இவ்வளவு காலமும் இப்பிடித்தான் இரிக்கன். ஒவ்வொரு முறயும் ஏயாப்போட்டுக்கு முன்னால நிண்டு "கவனமாப் போங்க" எண்டு மட்டும் சொல்லிட்டு வந்திரிக்கன். ஒரு நாளும் போகாதீங்க எண்டு சொன்னதில்ல.

ஓகஸ்ட் 26, செவ்வாய்

பதினெட்டாம் நாள். இனித் திருப்பக் கூடாது. கரண்டை நிற்பாட்டிவிட்டுத்தான் மோட்டர் வயரைக் கழற்றினேன். உம்மா நான்காவது கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு பெரிய சரி போட்டு, அடியில் கோடும் கீறினார்.

ஓகஸ்ட் 28, வியாழன்

முதல் ஓடு வெடித்தது. புஸ்பம் அக்காவின் பூப் போட்ட முட்டை.

ஓகஸ்ட் 29, வெள்ளி

விடிந்ததிலிருந்து பெட்டிக்குள் ஒரே கீச்சு கீச்சு. ஜும்ஆ முடிந்து பார்த்தால் மஞ்சளும் கறுப்பும் புள்ளியுமாகத் தட்டு நிறையக் குஞ்சுகள், காலடியில் உடைந்த ஓடுகள். ஓடுகளில் ஸாதியா, ஸாதியா, ஸாதியா. குஞ்சுகளில் ஒரு பெயரும் இல்லை.

இதுதான் அன்றைக்கு ஒருத்திக்கும் தோன்றாதது. பெயர் ஓட்டில்தான் இருக்கும், குஞ்சு பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடும்.

பெண்கள் எல்லாரும் கூடையோடு வந்துவிட்டார்கள். ஸாதியா ராத்தா தன் பெயருள்ள ஓடுகளை எண்ணி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "இது ஏண்ட பேட்டுக்கோழிட முகம்" என்று ஒரு குஞ்சைப் பிடித்தார். அதே குஞ்சைப் புஸ்பம் அக்காவும் பார்த்திருந்தார். "எங்கட சேவலுக்கும் இப்பிடித்தான் மூக்கு." குஞ்சு இருவரையும் பார்த்துக் கீச்சிட்டது. கடைசியில் உம்மாதான் தீர்ப்புச் சொன்னார். ஆளுக்கு எத்தனை ஓடோ அத்தனை குஞ்சு, கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். உம்மா எடுத்துக் கொடுத்தார். கண்ணாடி இல்லாத ஆள் எடுப்பதால் ஒருவரும் குறை சொல்ல முடியவில்லை.

எண்ணிக்கை அறுபத்தெட்டு.

ஓகஸ்ட் 30, சனி

காலையில் ஒன்று கூடியது. அறுபத்தொன்பது.

மிச்சம் இருந்த முட்டைகளை ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டேன். சத்தமில்லை. அந்தத் தட்டிலிருந்து விழுந்த இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால்! உம்மாவுக்கும் அதே நினைப்புத்தான். குசினிக்குப் பின்னால் போனவர் மடியில் எதையோ மறைத்துக்கொண்டு வந்தார். எங்கள் சிவப்புக் கோழி தானாக அடைகாத்துப் போன வாரம் பொரித்த குஞ்சு.

"இதையும் சேத்து எண்ணு. ஒருத்தனுக்கும் தெரியா."

"இது அதுகளவிட ரெண்டு மடங்கு பெரிசும்மா."

"மருமகன் ஃபோன்ல பாத்தா தெரியவா போகுது?"

உம்மாவைக் கட்டிக்கொண்டேன். பிறகு குஞ்சைக் கொண்டுபோய்த் தாயிடம் விட்டேன்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு இவர் எடுத்தார். எங்கள் பங்குக் குஞ்சுகளைக் காட்டினேன். மொத்தம் எத்தனை என்றார்.

"அறுவத்தொம்பது."

"ஒண்ணு கொறையிது" என்றார். இவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. காற்றில் கேட் கிரீச்சென்றது. மோட்டர் சத்தம் போடாவிட்டால் வேலை செய்யவில்லை என்று உம்மா நினைத்தாரே, அதுபோல இவரும் ஏழு வருடமாக என் வாயிலிருந்து ஒரு சத்தமும் வராததை என்னவென்று நினைத்திருப்பார்?

"எழுபதும் வேணா ஒண்ணும் வேணா. நீங்க வாங்க."

திரையைப் பார்த்தேன். இவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பின்னால் பக்கத்துக் கட்டில்காரர் என்னவோ கேட்டார். இவர் அவருக்கு ஹிந்தியில் ஏதோ சொன்னார். அந்த மனிதர் கையைத் தட்டினார்.

"இந்த ஒரு சொல்லுக்கு நான் ஒரு மோட்டர அனுப்ப வேண்டிப் போச்சு" என்றார்.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

கையெழுத்துப் போடவில்லை.

செப்டெம்பர் 9, செவ்வாய்

றிப்ஷான் கடை வாசலில் மட்டை எழுதி மாட்டியிருக்கிறான்: 'குஞ்சு பொரிக்கும் மோட்டர், அதற்குப் பொருத்தமான ட்ரைவர் போர்ட் கிடைக்கும். லேபலுடன் வரவும்.' உள்ளே போய் எட்டிப் பார்த்தேன். மேசைமேல் அந்த நான்கு லைட் போர்டைத் துடைத்து விற்பனைக்கு வைத்திருக்கிறான்.

செப்டெம்பர் 25, வியாழன்

இவரைக் கூட்டி வர நாளை விடியக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வாடகை வான் போகிறது. உம்மாவும் வருகிறாராம். போகும் வழியில் கண்ணாடி வாங்க வேண்டுமாம். "மருமகன்ட முகத்த வடிவாப் பாக்கோணும்" என்கிறார்.

ஒக்டோபர் 2, வியாழன்

நேற்று இரண்டாவது முறை வைத்தோம். நூற்றிருபது முட்டை, ஒன்றிலும் பெயர் இல்லை. இவர் காலையிலிருந்து ஐந்து தடவை கதவைத் திறந்துவிட்டார், சூடு வெளியே போகிறது என்று கத்தியாயிற்று. உம்மா புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியில் சின்னச் சின்னச் சரியாகப் போடுகிறார். இவர் பின்னால் போய் ஒவ்வொன்றையும் சரிபார்த்துப் பக்கத்தில் இன்னொரு சரி போடுகிறார்.

மோட்டருக்குத் திரும்பவும் பச்சை அடித்திருக்கிறார். இந்த முறை லேபலுக்கு மேல் டேப் ஒட்டிவிட்டு, அதைச் சுற்றி மட்டும்.

குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், மேசைமேல் கிடந்த இந்தக் கொப்பி ஓகஸ்ட் 20 ஆம் பக்கத்தில் திறந்து கிடக்கிறது. பக்கத்தின் ஓரத்தில் ஒரு பச்சைப் பெருவிரல் அடையாளம். பெயின்ட் இன்னும் காயவில்லை.

இனி இதை அரிசி வாளிக்குள்தான் வைக்க வேண்டும். இந்த வீட்டில் இப்போது வாசிக்க ஆள் இருக்கிறது.